சட்டியில் ஈயம், விரலில் ஈயம்

தூண்டிலுக்கு ஈயக்குண்டு வார்க்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். கேட்பவர் உடனே புகையைப் பற்றித்தான் எச்சரிப்பார். "மூக்கைக் கட்டிக்கிட்டுச் செய்யுங்க, ஈயப் புகை உடம்புக்கு ஆகாது." நம் ஆளும் சொன்னபடியே ஒரு துணியை மூக்கில் கட்டிக்கொள்வார். திறந்தவெளியில் அடுப்பை மூட்டி, உருக்கி, ஊற்றி, இருபது முப்பது குண்டுகளை அச்சிலிருந்து தட்டி எடுப்பார். வேலை முடிந்ததும் கட்டை அவிழ்த்து, அந்தத் துணியாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிஸ்கட் பொட்டலத்தைப் பிரிப்பார். மூக்கைக் காத்தவர் விரலை மறந்துவிட்டார்.

இந்த மறதி மிகப் பழையது. பின்னாளில் அமெரிக்கத் தலைவர்களில் ஒருவராகவும் மின்னல் ஆராய்ச்சிக்காகவும் பெயர்பெற்ற பெஞ்சமின் பிராங்க்ளின், 1724-இல் பதினெட்டு வயதில் லண்டன் அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கும் வேலைக்குச் சேர்ந்தார். ஈரமான ஈய எழுத்துகளை நெருப்பருகே சாய்த்துவைத்து உலர்த்துவது அங்கே வழக்கம். குளிரில் சூடான எழுத்து கைக்கு இதமாக இருக்கவே, உலர்ந்தவற்றையும் அவர் சூடாக்கிக்கொண்டார். அப்படிச் செய்யாதே, கை விளங்காமல் போய்விடும், நம்மோடு வேலை செய்தவர்களில் இரண்டு பேருக்கு ஏறக்குறைய அப்படித்தான் ஆயிற்று என்று ஒரு முதிய தொழிலாளி தடுத்தார். பிறகு, பக்கத்தில் எழுத்து வார்க்கும் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம், உருக்கிய உலோகத்தின் மேல் குனிந்து வேலை செய்யும் உங்கள் ஆட்களுக்கு இந்த நோய் வருவதில்லையா என்று பிராங்க்ளின் கேட்டார். ஆவியை அந்தப் பட்டறைக்காரர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உலோகத்தைத் தொட்ட விரலைச் சரியாகக் கழுவாமல் சாப்பிட உட்காருகிற ஆட்களுக்குத்தான் ரொட்டியோடு சேர்ந்து துகளும் வயிற்றுக்குள் போகிறது என்றார். 1786-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதையெல்லாம் நினைவுகூரும் பிராங்க்ளின், பயனுள்ள ஓர் உண்மை தெரிந்த பிறகும் நடைமுறைக்கு வர எவ்வளவு காலம் பிடிக்கிறது என்று வருந்துகிறார்.

பட்டறைக்காரர் தன் தொழிலை விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கலாம். ஆவியை அவர் கொஞ்சம் தாராளமாகவே தள்ளிவிட்டார். ஆனாலும் விரலைப் பற்றி அவர் சொன்னது இன்றைக்கும் சரி. வெப்பத்தை அடக்கிவைத்து உருக்குகிறவரின் உடம்பில் ஈயம் ஏறும் பெரிய வழி, தூசியும் விரலும் வாயும்தான். அது மெல்ல நடக்கிற கேடு. நொடியில் நடக்கிற கேடு ஒன்று தனியாக இருக்கிறது. அது தண்ணீரால் வருவது.

ஒரு சொல் விளக்கத்தை இங்கேயே முடித்துவிடலாம். தமிழில் ஈயம் என்று இரண்டு உலோகங்களைச் சொல்கிறோம். பாத்திரத்துக்குப் பூசும் ஈயம் வெள்ளீயம். தூண்டில் குண்டுக்கு ஆவது காரீயம். இங்கே வெறுமனே ஈயம் என்றால் காரீயம்தான். வெள்ளீயத்துக்கும் கடைசியில் ஒரு வேலை வரும்.

புகை எப்போது வரும்?

காரீயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகும். கொதிப்பதற்கு 1,749 டிகிரி ஆக வேண்டும். கொதிக்காமலே தண்ணீர் ஆவியாவதுபோல ஈயமும் ஆவியாகும் என்பது உண்மை. ஆனால் உருகுநிலையை ஒட்டிய வெப்பத்தில் அந்த ஆவி மிக மிகச் சொற்பம். வெப்பம் ஏற ஏற அது மடங்கு மடங்காகப் பெருகும். 500 டிகிரியை நெருங்கும்போது அலட்சியம் செய்ய முடியாத அளவுக்கு வந்துவிடும். தூண்டில் குண்டு வார்க்க 350 முதல் 400 டிகிரி தாராளமாகப் போதும். அதாவது வேலைக்குத் தேவையான வெப்பத்துக்கும் ஆபத்தான வெப்பத்துக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியை நாமாகத் தின்று தீர்க்காமல் இருந்தால் சரி.

தின்று தீர்ப்பது எப்படி என்றுதான் பார்க்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வார்ப்புகள் சுருக்கம் விழுந்து, ஓரம் நிரம்பாமல் வரும். உடனே நாம் அடுப்பைத் தூண்டிவிடுவோம். குற்றம் பெரும்பாலும் ஈயத்தில் இல்லை, அச்சில் இருக்கிறது. குளிர்ந்த அச்சின் சுவரைத் தொட்டதுமே ஈயம் உறைந்துவிடுவதால் வருகிற சுருக்கம் அது. அச்சை முன்கூட்டிச் சூடாக்கிவிட்டு, முதல் சில வார்ப்புகளைக் கணக்கில் வைக்காமல் திரும்பச் சட்டிக்கே கொடுத்தால், தீயைத் தொடாமலே குண்டு வழுவழுவென்று வரும். மாறாக, அச்சும் ஈயமும் அளவுக்கு மீறிச் சூடானால் குண்டின் மேல் உறைபனி படர்ந்ததுபோல ஒரு மங்கல் தெரியும். கசடு வழித்த கணமே ஈயத்தின் மேல் நீலமும் ஊதாவும் பொன்மஞ்சளுமாய் வண்ணம் ஓடினாலும் அதே பொருள்தான். அழகான வண்ணம், ஆனால் தீயைத் தணிக்கச் சொல்கிற வண்ணம்.

கண்ணால் கணிப்பதைவிட வார்ப்புக்கென்று விற்கும் வெப்பமானி நம்பகமானது. உருகிய ஈயம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. கசடு வழித்த கணத்து வண்ணத்தை விட்டால், 330 டிகிரியிலும் 480 டிகிரியிலும் ஒரே வெள்ளிப் பளபளப்புதான். சட்டி காலியாகிக்கொண்டே வரும்போது இன்னும் கவனம் வேண்டும். ஐந்து கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த அதே தீ ஒரு கிலோவின்மேல் விழுந்தால் வெப்பம் விறுவிறுவென்று எகிறும். அடியில் இரண்டு விரற்கடை ஈயம் இருக்கும்போதே அடுப்பை அணைத்துவிடுவது நல்லது.

கண்ணுக்குத் தெரிகிற புகை பெரும்பாலும் ஈயப் புகையே அல்ல. பழைய ஈயத்தில் ஒட்டியிருக்கும் வண்ணப்பூச்சு, எண்ணெய், தார் ஆகியவை எரிகிற புகை அது. பழைய வண்ணப்பூச்சில் ஈயமே கலந்திருக்கக்கூடும் என்பதால் அதுவும் சுவாசிக்கத் தக்கதல்ல. ஈய ஆவியோ மேலெழுந்து குளிர்ந்ததும் நுண்ணிய ஆக்சைடு துகளாக மாறிவிடுகிறது. துகள் என்பதால் சரியான வடிகட்டி அதைப் பிடிக்கும். பி100 தர வடிகட்டி பொருத்திய முகமூடி இதற்கு ஏற்றது. கைக்குட்டையும் அறுவைச் சிகிச்சை முகமூடியும் பிடிக்காது. தாடி வைத்திருப்பவருக்கு எந்த முகமூடியும் ஓரத்தில் கசியும். முகமூடியைவிடப் பெரிய துணை காற்றோட்டம்தான். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காற்று முதுகில் படும்படி நிற்பதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். நம் உடம்பே காற்றைத் தடுப்பதால் முன்பக்கத்தில் ஒரு சுழல் உண்டாகி, சட்டியின் புகையை முகத்துக்கே கொண்டுவந்துவிடும். காற்று பக்கவாட்டில் கடந்து போகும்படி நிற்பதே நல்லது. அதோடு, தலைக்குமேல் கூரை இருந்து சுவர் இல்லாத இடமாக இருந்தால் மழைத்துளிக்கும் பயமில்லை.

துளியின் கணக்கு

மழைத்துளிக்கு ஏன் இத்தனை பயம்? தண்ணீர் கொதித்து நீராவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். ஈயத்தின் சூட்டில் அது இன்னும் அதிகம். ஒரு சொட்டு என்பது தோராயமாக 0.05 மில்லிலிட்டர். அது நீராவியானால் 85 மில்லிலிட்டருக்குக் குறையாது. ஒரு சிறு கோப்பை அளவு ஆவி, கண் இமைக்கும் நேரத்தில், ஈயத்துக்கு அடியில் பிறந்தால் என்ன ஆகும்? மேலே இருப்பதையெல்லாம் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும். தூக்கி எறியப்படுவது 350 டிகிரி உலோகம். விழுவது முகத்திலும் கழுத்திலும் கையிலும்.

"அடியில்" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஈயத்தின் மேற்பரப்பில் விழுந்த வியர்வைத்துளி பெரும்பாலும் சீறிவிட்டு மறைந்துவிடும். தனக்கடியில் உண்டான ஆவியின்மேல் அது மிதந்தபடியே காய்ந்துவிடுகிறது. இதை ஒருமுறை பார்த்தவர்கள், தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது, நானே பார்த்திருக்கிறேன் என்று தைரியம் பேசுவதுண்டு. ஈரம் உள்ளே முழுகினால்தான் கதை மாறுகிறது. ஈரமான ஈயத்துண்டு, குளிர்ந்த கரண்டி, ஈரம் காயாத அச்சு ஆகிய மூன்றும் தண்ணீரை ஈயத்துக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவை. மேலே பட்டதை வைத்து உள்ளே போவதைக் கணிக்க முடியாது.

ஈரம் ஒளிந்திருக்கும் இடங்கள் சில எளிதில் மனதில் படாது. திறந்த வெளியில் கிடந்த ஈயத் தகட்டின் மடிப்புக்குள் மாதக்கணக்கில் ஈரம் தங்கும். இரு முனையும் நசுங்கிய பழைய குழாயின் உள்ளே தண்ணீர் அடைபட்டிருக்கலாம். கடலில் கிடந்து எடுத்த பழைய எடைகளின் விரிசல்களிலும் அப்படியே. எரிவாயு அடுப்பில் சமையல் எரிவாயு எரியும்போதே நீராவி உண்டாகிறது. சில்லிட்ட இரும்புக் கரண்டியை அந்தத் தீயருகே காட்டினால் அதன்மேல் பனித்ததுபோல ஈரம் படியும். ஆகவே கரண்டி, கசடு வழிக்கும் துடுப்பு, அச்சு எல்லாவற்றையும் சட்டியின் விளிம்பருகே வைத்துச் சூடேற்றிக் கொண்டபிறகே ஈயத்தைத் தொட விடவேண்டும்.

பாரிஸ் சாந்தில் அச்சு செய்கிறவர்கள் இங்கே தனியாகக் கவனிக்க வேண்டும். வெயிலில் காய்ந்து தொட்டால் உலர்ந்திருக்கும் சாந்துக்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அது துளைகளில் நிற்கும் ஈரம் மட்டுமல்ல; இறுகும்போது படிகத்துக்குள்ளேயே கட்டுண்டுபோன தண்ணீர். நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில்தான் அது விடுபடும். ஈயம் அதைவிட மூன்று மடங்கு சூடு. அடுப்பில் மெல்ல, மணிக்கணக்கில் சுட்டெடுக்காத சாந்து அச்சு, பார்க்க உலர்ந்த ஈர அச்சுதான். சுட்டதை இரண்டு வாரம் பரணில் போட்டுவைத்தால் காற்றிலிருந்து மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். என்னைக் கேட்டால் அடிக்கடி வார்ப்பவர் அலுமினிய அச்சு ஒன்றை வாங்கிவிடுவதே நிம்மதி. சிமெண்டுத் தரையும் இதே இனம். சிந்திய ஈயம் பட்டதும் தரைக்குள் இருக்கும் ஈரம் கொதித்து, மேல்தோல் சில்லாகத் தெறிக்கும். சட்டிக்கும் அச்சுக்கும் அடியில் உலர்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டு இருந்தால், சிந்தினாலும் அங்கேயே அடங்கிவிடும்.

உருகிய சட்டியில் மேற்கொண்டு ஈயம் சேர்க்க நேர்ந்தால், துண்டைக் கையால் போடக்கூடாது. முதலில் விளிம்பில் வைத்துச் சுடச்சுட ஆக்கி, பிறகு நீண்ட இடுக்கியால் மெல்ல இறக்க வேண்டும். இன்னும் எளிது, ஒருமுறைக்கு வேண்டியதை எல்லாம் குளிர்ந்த சட்டியிலேயே போட்டு, பிறகு தீ மூட்டுவது. துண்டில் ஈரம் இருந்தால் ஈயம் உருகும் முன்பே அது ஆவியாகிப் போய்விடும். நிறையப் பேர் இதைச் செய்வதில்லை. அவசரம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

எந்த ஈயம், எந்தச் சட்டி

பழைய ஈயம் என்று கிடைப்பதெல்லாம் ஒன்றல்ல. கூரைக்குப் போட்ட தகடு மென்மையான, ஓரளவு தூய ஈயம். தூண்டில் நரம்பில் நசுக்கிப் பொருத்தும் பிளவுக் குண்டுக்கு அதுதான் வேண்டும். வாகனச் சக்கரத்தில் பொருத்தும் சமன் எடைகளில் ஆண்டிமனி என்ற வேறொரு தனிமம் கலந்திருப்பதால் அவை கடினம். ஆழத்தில் பாறையில் மோதும் பெரிய குண்டுகளுக்கு அது நல்லதே. ஆனால் இப்போதைய சக்கர எடைகளில் துத்தநாகமும் இரும்பும் நிறைய. துத்தநாகம் 419.5 டிகிரியில்தான் உருகும். சட்டியை 370-ஐத் தாண்டவிடாமல் வைத்திருந்தால் அது உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எறிந்துவிடலாம். தீயைக் கூட்டிவிட்டால் கரைந்து, மொத்தச் சட்டியையும் கஞ்சியாக்கிவிடும். துப்பாக்கிப் பயிற்சித் திடலில் பொறுக்கிய ஈயத்தில் வெடிக்காத தோட்டா ஒன்று கலந்திருந்தாலும் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வண்டி மின்கலத்தை உடைத்து ஈயம் எடுப்பது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அமிலத்தைக் கழுவிவிட்டால் போயிற்று என்று நினைப்பார்கள். தகடுகளின் மேலிருக்கும் பசை ஈயச் சல்பேட்டும் ஆக்சைடும். உலர்ந்ததும் தூசியாகப் பறக்கும். அதைவிட மோசமான ஒன்று கசடில் ஒளிந்திருக்கிறது. மின்கலத் தகடுகளில் ஆர்செனிக், ஆண்டிமனி, கால்சியம் போன்றவை கலந்திருக்கலாம். உருக்கும்போது இவை ஒன்றோடொன்று சேர்ந்து கசடில் தங்கினால், பிறகு அந்தக் கசடில் ஈரமோ அமிலமோ படும்போது ஆர்சைன், ஸ்டைபைன் என்ற வாயுக்கள் கிளம்பும். ஆர்சைன் இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடுகிற நஞ்சு. மூக்கையோ கண்ணையோ உறுத்தி முன்கூட்டி எச்சரிக்காது. ஈயத்துக்குப் போடுகிற முகமூடி வடிகட்டி துகளைத்தான் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது.

சட்டி வார்ப்பிரும்பாகவோ கனத்த எஃகாகவோ இருக்கட்டும். அலுமினியப் பாத்திரம் சூட்டில் தளர்ந்து எடை தாங்காமல் போகலாம். பற்றவைத்த தகர டப்பாவின் பற்றோ ஈயத்துக்கு முன்பே உருகிவிடும். வழக்கமான வெள்ளீய-காரீயப் பற்று 183 டிகிரியிலேயே இளகும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டு ஏமாறுவதும் சகஜம். ஈயம் தண்ணீரைவிட 11.34 மடங்கு கனமானது. அரை லிட்டர் பிடிக்கிற சிறு சட்டி நிறைந்தால் ஐந்தரை கிலோவுக்கு மேல். மெல்லிய கால் வைத்த முகாம் அடுப்பில் அதை ஏற்றிவைத்தால், தற்செயலாக ஒரு முழங்கை பட்டாலே கவிழும். ஒருமுறை ஈயம் கண்ட பாத்திரமும் கரண்டியும் எவ்வளவு தேய்த்தாலும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. சமையலறை அடுப்பும் இதற்கு ஆகாது.

உடை விஷயத்தில் ஒரே ஒரு கேள்விதான்: ஒரு துளி ஈயம் விழுந்தால் வழிந்து கீழே போகுமா, எங்கேயாவது தங்குமா? காலணியின் வாய்க்குள், மடித்துவிட்ட கால்சட்டை விளிம்பில், சட்டைப் பையில் தங்கினால் அங்கேயே இருந்து சுடும். கணுக்காலை மூடும் தோல் காலணி, அதன்மேல் வெளியே விழும் நீளக் கால்சட்டை, பருத்தியில் முழுக்கைச் சட்டை, தோல் முன்மறைப்பு, ஒரே உதறலில் கழன்று விழும்படி தளர்வான தோல் கையுறை. நைலான், பாலியெஸ்டர் வேண்டாம். அவை உருகித் தோலோடு ஒட்டும். கண்ணாடிக்கு மேலேயே முழு முகக் கவசமும் வேண்டும். சுடுபட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் இருபது நிமிடம் பிடித்து, மருத்துவரிடம் போகவேண்டும். ஒட்டியிருக்கும் உலோகத்தைப் பிய்த்தால் தோலும் கூட வரும். அந்தத் தண்ணீர் சட்டியிலிருந்து பல எட்டு தள்ளியே இருக்கட்டும்.

கசடும் தூசியும்

உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் படரும் ஆடைதான் கசடு. பாதி ஆக்சைடு, பாதி அதில் சிக்கிய நல்ல ஈயம். மெழுகு ஒரு துண்டைப் போட்டுக் கிளறினால் கரி சேர்ந்து, ஆக்சைடு கொஞ்சம் மறுபடி ஈயமாகும். மெழுகு கனத்த புகை விடும், திடீரென்று தீப்பற்றவும் செய்யும். அதை எதிர்பார்த்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, தாமே அந்தப் புகைக்குத் தீ வைத்துவிடுபவர்களும் உண்டு. புகை எரிந்து அடங்கும். நவச்சாரம் போடுகிற பழைய பழக்கம் வேண்டாம், அதன் ஆவி மூச்சுக்குழாயை அரிக்கும்.

வழித்தெடுத்த கசடு பார்க்கச் சாம்பல்போல எளிமையாக இருக்கும். என் கணிப்பில் இந்த முழு வேலையிலும் அதிகம் ஏமாற்றுகிற பொருள் அதுதான். கட்டி ஈயத்தைத் தொட்டால் விரலில் கொஞ்சம் கறுப்பு ஒட்டும். கசடோ காற்றில் எழும், துணியில் ஏறும், வயிற்றில் அமிலத்தோடு எளிதில் கரையும். தரையில் தட்டாமல், துடைப்பத்தால் பெருக்காமல், மூடியுள்ள உலோக டப்பாவில் மெல்ல இறக்கி, உள்ளே என்ன இருக்கிறதென்று மேலே எழுதிவைத்து, ஆபத்தான கழிவை வாங்குகிற இடத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுத் தோட்டத்து மண்ணில் கொட்டினால் அது எங்கும் போகாது, ஈயம் மக்குவதில்லை.

வார்த்தபிறகு ஊற்றுவாயில் மிஞ்சி நிற்கும் தண்டைக் கொறடால் நறுக்க வேண்டும். அரத்தால் ராவினாலும் உப்புத்தாளால் தேய்த்தாலும் பிறப்பது தூசி. சரியாகப் பொருந்துகிற அச்சில் ராவ வேண்டிய பிசிறே அதிகம் வராது. குண்டுக்கு வண்ணப்பொடி பூசிச் சுட்டெடுத்தாலோ நல்ல வண்ணம் அடித்தாலோ அழகுக்கு அழகு, விரலில் ஒட்டுவதும் குறையும். இடத்தை ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிய வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் நுண்தூசியைப் பின்பக்கமாக வீடு முழுக்க ஊதிவிடும். போட்டிருந்த துணியை உதறாமல் தனியாகத் துவைக்க வேண்டும், காலணியை வீட்டுக்கு வெளியே விட வேண்டும். கையைச் சோப்பு போட்டு, நகக்கண்வரை தேய்த்துக் கழுவிய பிறகே முகத்தைத் தொடலாம். சாதாரணச் சோப்பு ஈயத்தை முழுக்க நீக்கிவிடாது என்பதால் தொழிற்சாலைகளில் இதற்கென்றே தனித் துடைப்பான்களும் சோப்புகளும் உண்டு. புகைபிடிப்பவர் கூடுதலாக யோசிக்க வேண்டும்; விரலிலிருந்து உதட்டுக்கு அதைவிட நேரான பாதை இல்லை.

உடம்புக்குள் போனால்

உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்துவிடுகிறது. அதனால் நரம்பிலும் இரத்தம் உருவாகும் இடத்திலும் சிறுநீரகத்திலும் குழப்பம் விளைவிக்கிற ஈயம், எலும்பில் போய்ப் பத்திரமாகச் சேமிக்கவும்படுகிறது. இரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். எலும்பில் சேர்ந்தது பாதியாகப் பத்து இருபது ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் வெளியேறும்போது பழைய ஈயமும் கூடவே கிளம்பி, கருவிலிருக்கும் குழந்தையை எட்டிவிடும். வயிற்றுவலி, மலச்சிக்கல், தலைவலி, எரிச்சல், மூட்டுவலி என்று வருகிற அறிகுறிகளை எந்த நோயின் பெயரிலும் எழுதிக்கொள்ளலாம். இரத்த அழுத்தம் ஏறுவதற்கோ அறிகுறி என்று ஒன்றும் இல்லை. அடிக்கடி வார்ப்பவர் ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்வதே தெரிந்துகொள்ள ஒரே வழி.

பெரியவர் வயிற்றில் போகும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இரத்தத்தில் சேரும். வெறும் வயிற்றில் அதிகம். சிறு குழந்தைக்கோ கிட்டத்தட்டப் பாதி சேர்ந்துவிடும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராம் இருந்தாலே, ஈயம் எங்கிருந்து வந்தது என்று தேடி நிறுத்த வேண்டும் என்கிறது அதன் 2021 வழிகாட்டுதல். 2006-இல் அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் கைச்சங்கிலியின் சிறு பதக்கம் ஒன்றை விழுங்கி இறந்துபோனான். பதக்கம் 99 விழுக்காடு ஈயம். அவன் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு இருந்தது 180 மைக்ரோகிராம். தூண்டில் பெட்டியில் கிடக்கிற ஒரு குண்டு அந்தப் பதக்கத்துக்கு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. குழந்தை குண்டை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, வெளியே வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உருக்கும் இடத்துக்குக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அண்டவிடாதது மட்டும் போதாது, அங்கிருந்து வருகிற சட்டையும் அவர்களை அண்டக்கூடாது.

நீரில் அறுந்து விழுந்த குண்டுக்கும் இதே குணம்தான். இரையை அரைக்கக் கூழாங்கல்லை விழுங்கும் அன்னங்கள் கல்லோடு கல்லாகப் பிளவுக் குண்டையும் பொறுக்கிச் செத்ததால், பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேற்பட்டு 28.35 கிராம் வரையுள்ள ஈய எடைகள் 1987 முதல் தடை செய்யப்பட்டன. அந்த அளவுக்குள் வார்ப்பவர் வேறு உலோகத்தை எண்ணிப் பார்க்கலாம். நம் வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும், நச்சும் இல்லை. எடைதான் குறைவு, அடர்த்தி 7.3. அதே கனத்துக்கு ஒன்றரை மடங்கு பருமன் ஆகும். பிஸ்மத் 271 டிகிரியில் உருகும், அடர்த்தி 9.8, ஈயத்துக்குக் கிட்டே வரும். ஆனால் நொறுங்கும் தன்மை உள்ளது. உறையும்போது விரிவதால் சில அச்சுகளில் இறுகிக்கொள்ளும். கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் பணிந்துவரும். டங்ஸ்டன் ஈயத்தைவிடக் கனம், வீட்டில் உருக்கவே முடியாது, வாங்கத்தான் வேண்டும். எந்த உலோகமானாலும் ஈர அச்சும் ஈரக் கரண்டியும் வெடிப்பது வெடிப்பதுதான்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்தவர், கரையில் போய் உட்கார்ந்ததும் ஒரு காரியம் செய்வார். பிளவுக் குண்டை நரம்பில் கோத்து, பல்லிடுக்கில் வைத்து நறுக்கென்று கடித்து இறுக்குவார். இரண்டு கையும் வேலையாக இருக்கிறதே, என்ன செய்வது? சின்னக் கொறடு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தூண்டில் பெட்டியின் பிடியிலேயே தொங்கவிட்டிருந்தால், பல்லுக்கு அங்கே வேலை இல்லை.